நாற்றப்பூச்சியும் நெல்லின் பாலும்
கம்பளைப் பகுதிக் கமக்காரருக்கு

கம்பளையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வயலும் தோட்டமும் வீடும் ஒன்றையொன்று ஒட்டியே அமைந்துள்ளன. மகாவலி ஆற்றின் இரு மருங்கிலுமுள்ள பள்ளங்களில் நெல் விளைகின்றது. அதற்கு மேலே பலாவும் மிளகுக்கொடியும் வாழையும் செறிந்த வீட்டுத்தோட்டம். அதற்கும் மேலே தேயிலை. லயன் வீடுகளின் பின்புறத்தில் இரண்டொரு போஞ்சிப் பாத்தியேனும் இல்லாத இடம் அரிது. இத்தகைய நிலத்தில், வயலிற் பிறந்த பூச்சி தோட்டத்துக்கும், தோட்டத்திற் பிறந்த பூச்சி வீட்டுக்கும் வந்துசேர நெடுந்தூரம் பறக்க வேண்டியதில்லை.

மாலையில் விளக்கேற்றியதும் சுவரிலும் திரைச்சீலையிலும் சோற்றுக்கோப்பையின் விளிம்பிலும் வந்தமரும் நாற்றப்பூச்சியைப் பற்றியே மக்கள் முதலில் முறையிடுகின்றனர். வீட்டுக்குள் எந்த மருந்தைத் தெளிக்கலாம் என்று வினவுவோரும் பலர். வீட்டுக்குள் எதையும் தெளிக்க வேண்டியதில்லை என்பதே விடை. விளக்கடிக்கு வந்த பூச்சியினால் உங்களுக்கு ஒரு சதமேனும் நட்டமில்லை. அது புறப்பட்டு வந்த இடத்திலேதான் நட்டம் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. ஆதலால், வீட்டுச் சுவரிற் பூச்சியைக் கண்டவர் மறுநாட் காலையில் தம் போஞ்சிப் பந்தலையும் வயல் வரப்பையும் சென்று பார்த்தல் வேண்டும். இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமும் அதனை வற்புறுத்துவதேயாகும்.

இப்பூச்சிகள் யாவை?

நாற்றப்பூச்சி என்று நாம் பொதுவாகக் கூறுவது ஒரு தனிப் பூச்சியையன்று. மூட்டைப்பூச்சியின் தூரத்து உறவினரான பல இனங்களுக்கு அது பொதுப்பெயர். கம்பளைக் கமக்காரர் முக்கியமாக அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மரக்கறிச் செடிகளிற் காணப்படும் பச்சை நாற்றப்பூச்சி. கேடயம் போன்று அகன்ற உடலும் விரலின் நக அளவான பருமனும் உடையது. மற்றையது நெல் மூட்டுப்பூச்சி. இது ஒடுங்கி நீண்டு, நெடிய கால்களுடன், வைக்கோற்றுண்டு நடப்பது போலத் தோன்றும். சிங்களக் கமக்காரர் இதனைக் கொயம் மெஸ்ஸா என்பர். தமிழ்நாட்டினர் கதிர்நாவாய்ப்பூச்சி என்பர். பூசணி, பாகல் முதலிய கொடிகளிற் செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த வேறோர் இனமும் உண்டு. அதனை ஒழிக்கும் முறையும் பச்சைப் பூச்சியை ஒழிக்கும் முறையும் ஒன்றே.

இவையனைத்துக்கும் வாய் ஊசிபோன்றது. இலையைக் கடித்துத் தின்னும் புழுவைப்போல இவை ஓட்டை விடுவதில்லை. குத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன. ஆதலால் சேதம் உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பலர் ஏமாறுவது இதனாலேயே.

நாற்றம் பூச்சியின் படைக்கலமாகும். வளர்ந்த பூச்சிக்குக் கால்களின் அடியை ஒட்டிய நெஞ்சுப்பகுதியிலும், குஞ்சுகளுக்கு முதுகிலும் நாற்றச் சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து வெளிப்படும் நீரிலுள்ள இரசாயனப் பொருள்களிற் சில கொத்தமல்லித் தழையிலும் இருக்கின்றன. கொத்தமல்லித் தழையைச் சிலர் முகர்ந்தவுடனே முகஞ்சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நம் நாட்டின் இத்தகைய பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சி, கம்பளையிலிருந்து மகாவலி ஓடிச்செல்லும் திசையிலுள்ள பேராதனையிலும் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்த ஈ. ஏர்னஸ்ட் கிறீன் என்பவர் திரட்டியனுப்பிய பூச்சிகள், 1902ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த டிஸ்ரன்ற் என்பாரின் பெருநூலில் இடம்பெற்றன. விவசாயத் திணைக்களம் தோன்றியதோ அதற்குப் பத்தாண்டுகளின் பின்னர், 1912இலாகும்.

வீட்டில்

விளக்கை நாடி வருவன பெரும்பாலும் பச்சை நாற்றப்பூச்சியும் அதன் கறுப்பு, கபில நிற இனத்தாருமாகும். இவை மனிதரின் இரத்தத்தை உறிஞ்சுவதில்லை. வீட்டில் முட்டையிட்டுப் பெருகுவதுமில்லை. நசுக்கினால் மட்டுமே நாறும். ஆகவே நசுக்கற்க. சவர்க்காரம் கரைத்த நீரை ஒரு வாயகன்ற போத்தலிற் பாதியளவு எடுத்து, சுவரிலுள்ள பூச்சிக்குக் கீழே பிடித்து, ஓர் அட்டையால் தட்டிவிடுக. பூச்சி விழுந்து அமிழ்ந்துவிடும். கையில் நாற்றம் பட்டுவிட்டால், முதலிற் சிறிது தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துப் பின்பு சவர்க்காரமிட்டுக் கழுவுதல் நன்று. அந்நாற்றப்பொருள் எண்ணெயில் எளிதிற் கரைவது. அந்நீர் கண்ணிற் பட்டால் எரிவுண்டாகும். தாமதியாது தூய நீரினாற் பலமுறை கழுவுதல் வேண்டும்.

முன்வாசல் விளக்கு வெண்ணிறமாக இருப்பின், அதனை மஞ்சள்நிற விளக்காக மாற்றுவதால் வருகை குறையும். யன்னலுக்கு நுளம்புவலைத் துணி அடித்தால் நுளம்புக்கும் இதற்கும் சேர்த்தே தடையாகும்.

அமெரிக்காவிலுள்ள உறவினர் வீடுகளிற் குளிர்காலத்துக்கு முன்னர் நூற்றுக்கணக்கில் நாற்றப்பூச்சிகள் புகுவதாகக் கேள்வியுறுவோர் அதனை நம் பூச்சியோடு குழப்பிக்கொள்ளலாகாது. அது கிழக்காசியாவிலிருந்து சென்ற கபில நிறப் பூச்சி. 1990ஆம் ஆண்டுகளில் பென்சில்வேனியா மாநிலத்தின் அலன்டவுன் நகரத்தில் முதலிற் காணப்பட்டது. 2010ஆம் ஆண்டில் அந்நாட்டின் கிழக்குப் பகுதி அப்பிள் தோட்டங்களுக்கு மாத்திரம் ஏறத்தாழ 37 மில்லியன் டொலர் நட்டத்தை விளைவித்தது. பனிக்கு ஒதுங்கவே அது வீட்டை நாடுகின்றது. நம் பூச்சிக்குப் பனியுமில்லை, ஒதுங்கும் தேவையுமில்லை. விளக்கை அணைத்தாற் பெரும்பாலானவை திரும்பிப் போய்விடும்.

மரக்கறித் தோட்டத்தில்

பச்சை நாற்றப்பூச்சி போஞ்சி, பயற்றை, கௌபீ, தக்காளி, வெண்டி, கத்தரி ஆகியவற்றை விரும்பும். குறிப்பாகக் காய் பிஞ்சாயிருக்கும் பருவத்தையே தேடி வரும். போஞ்சிக்காயிற் குத்தினால் உள்ளிருக்கும் விதை சுருங்கிக் காய் வளைந்துபோகும். தக்காளியிற் குத்தினால் தோலின் கீழ் வெளிறிய மேகம் போன்ற புள்ளிகள் தோன்றும். அவ்விடம் பஞ்சுபோலாகிப் பழுத்தபின்பும் நிறம் பிடிக்காது. சந்தையில் இத்தகைய பழத்தைத் தரம் குறைந்ததென ஒதுக்குவர். நோயென்று கருதிப் பங்கசுநாசினி தெளிப்போர் பணத்தை மண்ணிற் கொட்டுகின்றனர்.

இப்பூச்சியை எளிதில் வெல்லக்கூடிய காலம் முட்டைப்பருவமே. பெண்பூச்சி இலையின் அடிப்பக்கத்திற் சிறு பீப்பாய்களை நெருக்கி அடுக்கிவைத்தாற்போல 30 முதல் 100க்கு மேற்பட்ட முட்டைகளை ஒரே கூட்டமாக இடும். முதலில் வெளிறிய மஞ்சளாகவும் பொரிக்கும் தறுவாயில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். வெப்பமான காலத்தில் ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும். அணங்கு எனப்படும் குஞ்சுகள் முதற்பருவத்தில் முட்டையோடுகளின் மேலேயே குவிந்திருக்கும், உண்பதுமில்லை, சிதறுவதுமில்லை. அவ்விலையை ஒருமுறை கிள்ளிச் சவர்க்கார நீரிலிட்டால் நூறு பூச்சிகள் தொலைந்தன. பின்னர் அவை கறுத்து, வெண்புள்ளிகள் பெற்று, மெல்லப் பச்சையாகிச் செடியெங்கும் பரவிவிடும். அதன்பின் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டியதுதான். வாரத்தில் இருமுறை, பனி உலருமுன், இலைகளைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு பாத்திக்குக் கால்மணி நேரம் போதும். பிள்ளைகளின் கண் இதற்கு மிகக் கூர்மையானது என்பதும் அனுபவம்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க. முட்டைக்கூட்டம் சிவப்பாகாமற் சாம்பல் அல்லது கறுப்பு நிறமாக மாறியிருந்தால் அவ்விலையைக் கிள்ளாது விடவேண்டும். அம்முட்டைகளுள் எறும்பினும் சிறிய ஒருவகைக் குளவியின் பிள்ளைகள் வளர்கின்றன. அவை வெளிவந்து மேலும் பல முட்டைக்கூட்டங்களை அழிக்கும். இச்சிறு குளவியின் அருமையை உணர்ந்த அவுஸ்திரேலியர் 1933ஆம் ஆண்டில் அதனை எகிப்திலிருந்து வரவழைத்துத் தம் தோட்டங்களில் விட்டனர். ஹவாய்த் தீவுகளிற் பச்சை நாற்றப்பூச்சி 1961இற் புகுந்தபோது அங்குள்ளோரும் அதனையே துணைக்கழைத்தனர். பிறர் கப்பலேற்றிக் கொண்டுசென்ற இத்தகைய துணைவனை, நாம் கண்டபடி மருந்தடித்துக் கொல்லுதல் தகாது.

தோட்டத்தின் ஓரத்தில் ஒரு வரிசை கௌபீயை முந்தியே நட்டுவைத்தாற் பூச்சிகள் முதலில் அங்கு திரளும். அந்த வரிசையிலேயே அவற்றைப் பிடித்துவிட்டால், உள்ளேயுள்ள போஞ்சி பெரும்பாலும் தப்பும். அந்த வரிசையைக் கவனியாது விடுவதோ, பூச்சிக்குப் பண்ணை வைத்துக் கொடுப்பதாகும்.

வயலில்

நெல் மூட்டுப்பூச்சியின் செய்தியை விரிவாகவே கூறவேண்டும். நெற்கதிர் பூத்து, மணியினுள் வெண்பால் திரண்டு, அது மாவாக இறுகும் வரையுள்ள காலம் ஏறத்தாழ இரண்டு வாரமே. அவ்விரண்டு வாரத்திலேதான் ஒரு போகத்தின் உழைப்பு முழுவதும் மணியாகவோ பதராகவோ ஆகின்றது. பூச்சியும் அதே இரண்டு வாரத்தை நோக்கியே காத்திருக்கின்றது. பிஜீ 352 போன்ற 3½ மாத நெல்லில், விதைத்து ஏறக்குறைய 75ஆம் நாளிற் கதிர் வெளிவரும். அந்நாளைக் கணக்கிட்டு, அதற்கு முந்திய வாரத்திலிருந்தே வயலை நாள்தோறும் பார்த்துவரல் வேண்டும்.

பூச்சியின் ஊசிவாய் உமியின் இரு மடல்களும் பொருந்தும் இடுக்கின் வழியே உள்ளே சென்று பாலை உறிஞ்சுகின்றது. பால் திரளத் தொடங்கும்போது குத்தினால் மணி முழுப்பதராகும். சற்று இறுகியபின் குத்தினால் மணி சுருங்கிக் கபிலப் புள்ளி விழும். குத்திய துளை வழியே பங்கசு புகுவதால் அரிசி கறுத்து, ஆலையில் உடைந்து, நொய்யாகும். கடுந்தாக்கம் கண்ட நெல்லின் சோற்றிலும் அந்த வாடை தங்கிவிடும்.

பதரைக் கண்ட மாத்திரத்தில் எல்லாப் பழியையும் இப்பூச்சியின் மேற் சுமத்தலும் கூடாது. கதிர் முழுவதும் ஒருசேர வெளுத்து, பிடித்திழுத்தால் எளிதிற் கையோடு வருமாயின் அது தண்டுதுளைப்பானின் வேலை. கதிர்க்கழுத்துக் கறுத்து ஒடிந்திருந்தால் எரிபந்த நோய். மூட்டுப்பூச்சி தாக்கிய கதிரில் நல்ல மணியும் பதரும் கலந்திருக்கும். பதரின் உமியிற் கபிலப் புள்ளி தெரியும். விடியற்காலையில் வயலிற் கால் வைத்ததும் நாற்றமே சாட்சி சொல்லும்.

நெல் பால் பிடிக்காத ஏனைய மாதங்களில் இப்பூச்சி எங்கே வாழ்கின்றது? வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் காட்டு விளிம்பிலும் உள்ள புல்லிலே. நெற்சப்பி, கோழிச்சூடன் முதலிய புற்கள் நெல்லுக்கு முந்தியே பூத்து மணிபிடிப்பதால், பூச்சி அவற்றில் உண்டு பெருகிப் பின் நெல்லுக்குத் தாவுகின்றது. இலையின் நடுநரம்பை ஒட்டி, 10 முதல் 20 வரையான கருஞ்செந்நிற முட்டைகளை ஒரே வரிசையாக இடும். அவை ஒரு வாரத்திற் பொரித்து, குஞ்சுகள் மூன்று நான்கு வாரத்தில் வளர்ந்த பூச்சிகளாகின்றன. எனவே, கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முந்தியே, புல் பூக்குமுன், வரப்பையும் வாய்க்காலையும் வெட்டித் துப்புரவாக்குவதே தலையாய வேலையாகும். கதிர் வந்தபின் வரப்புப் புல்லை வெட்டுதலோ, பூச்சியைத் தானே வயலுக்குள் விரட்டிவிடுவதாகும். இத்தவறு ஆண்டுதோறும் நிகழ்கின்றது.

கம்பளைப் பள்ளங்களில் இன்னுமொரு தொல்லை உண்டு. படிப்படியாக அமைந்த சிறு வயல்களில், மேல்வயற்காரர் இன்று விதைக்க, கீழ்வயற்காரர் மூன்று வாரம் பிந்தி விதைப்பார். தண்ணீர் முறையும் ஆட்பற்றாக்குறையும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் பூச்சிக்கு இது பந்தி மேற் பந்தியாகும். முந்திப் பால்பிடித்த வயலில் உண்டு பெருகியவை அடுத்த வயலுக்குச் செல்லும்; கடைசியாகப் பால்பிடிக்கும் வயலின் மேல் வெளி முழுவதிலுமுள்ள பூச்சியும் திரளும். அவ்வயற்காரர் எவ்வளவு மருந்தடித்தாலும் மிஞ்சுவது சொற்பமே. முழு வெளியும் பத்து நாட்களுக்குள் விதைத்து முடிக்கப்பட்டால், எல்லா வயலும் ஒரே காலத்திற் பால்பிடிக்கும்; பூச்சி பரந்து சிதறிவிடும்; எவருக்கும் பெருநட்டம் வராது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் கமக்காரர் விதைப்பு நாளை இதனை மனத்திற்கொண்டே தீர்மானித்தல் வேண்டும். கூட்டத்துக்கு வராதவரின் வயலே பெரும்பாலும் பிந்துகின்றது என்பதையும் சொல்லாமல் விடமுடியாது.

பூச்சியை எண்ணுவதற்கு ஏற்ற வேளை விடியற்காலையும் மாலையுமாகும். வெயில் ஏறினாற் பூச்சிகள் பயிரின் அடிக்கு இறங்கி ஒளிந்துவிடும். நண்பகலிற் பார்த்துவிட்டுப் பூச்சியில்லை என்று திரும்புவோர் உளர். வரப்போரத்தில் மட்டும் நில்லாது, வயலின் குறுக்கே நடந்து 100 கதிர்களைப் பார்க்க. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்த கணக்கின்படி, பூக்கும் காலத்தில் 100 கதிருக்கு 5 பூச்சிகளும், பால்பிடித்த பின்னர் 16 பூச்சிகளும் காணப்பட்டாலே மருந்தைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். நம் பகுதிக்குரிய அளவை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. ஒன்றிரண்டு பூச்சியைக் கண்டதும் கருவியைத் தோளில் மாட்டுவது வீண்செலவாகும்.

மருந்துக்கு முன் செய்யக்கூடியவை பல. நுளம்புவலைத் துணியை ஒரு வளையத்திற் கோத்து நீண்ட காம்பு பூட்டினால் நல்ல பிடிவலை கிடைக்கும். விடியற்காலையிற் கதிரின் மேலாக இடமும் வலமும் வீசிச் சென்றாற் பூச்சிகள் அதிற் சேரும். நம் நாட்டுப் பழைய கமக்காரர் சுளகிற் பலாப்பாலைப் பூசி, அதனைக் கதிரின் மேல் மெல்ல வீசிப் பூச்சிகளை ஒட்டவைத்துப் பிடித்தனர். சிறு வயலுக்கு இன்றும் இது ஏற்ற முறையே; கம்பளையிற் பலாப்பாலுக்குப் பஞ்சமுமில்லை. இன்னும், அழுகல் நாற்றம் இப்பூச்சியை ஈர்க்கும். கம்போடியக் கமக்காரர் பிராகொக் என்னும் மீன் விழுதை இதற்குப் பயன்படுத்துகின்றனர். வரப்பைத் துளைக்கும் நண்டுகளைப் பிடித்துக் கொன்று, பழைய சாக்குத் துண்டிற் கட்டி, வரப்பில் நட்ட கோலிற் தொங்கவிட்டால், காலையில் அதைச் சூழ்ந்திருக்கும் பூச்சிகளை வலையில் வாரலாம். ஒரே நண்டினால் இரண்டு பகையும் தீர்ந்தன.

சிலந்தியும் தும்பியும் வெட்டுக்கிளி இனத்துச் சிலவும் வயலில் நமக்காக இரவு பகல் உழைக்கின்றன. நீண்ட உணர்கொம்புடைய பச்சை வெட்டுக்கிளி மூட்டுப்பூச்சியின் முட்டையைத் தின்னும். அதனையும் பகையென்று எண்ணி அழித்தல் அறியாமையாகும்.

மருந்து தெளிக்க நேரின்

எண்ணிக்கை மிகுந்து, மருந்தன்றி வழியில்லை என்று கண்டால், விவசாயப் போதனாசிரியர் அப்போகத்துக்குச் சிபாரிசு செய்யும் மருந்தை மட்டுமே, சிட்டையிற் குறித்த அளவில், மாலை வேளையிற் தெளிக்க வேண்டும். நெற்பூ திறப்பது முற்பகலில். அவ்வேளையில் தெளித்தாற் பூச்சிக்கு முன் பூவுக்கே கேடு, தேனீயும் மடியும். காய்பறிக்கும் போஞ்சிக்கும் தக்காளிக்கும், சிட்டையிற் கூறியபடி தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் விடவேண்டிய நாட்களைக் கண்டிப்பாக விடுக. நாளை சந்தைக்குப் போகும் காய்க்கு இன்று மருந்தடிப்பவர் தம் ஊர்ப் பிள்ளைகளின் சோற்றிலே அதனைக் கலக்கின்றார்.

அயலாரிடம் மீதமிருந்த பழைய போத்தலை வாங்கிப் பயன்படுத்தும் வழக்கம் முற்றாக ஒழிதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பல கொடிய மருந்துகள் விலக்கப்பட்டுள்ளன. மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியன 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடை செய்யப்பட்டன. இத்தடைகளால் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. வீழ்ந்தது வேறொன்று: 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுகளில் இந்நாட்டில் தற்கொலை மரணங்கள், அதற்கு முந்திய பத்தாண்டுகளிலும் பார்க்க ஏறத்தாழ 20,000 குறைந்தன. மனம் நொந்த ஒரு பொழுதிற் கையெட்டும் தூரத்தில் அப்போத்தல் இல்லாமையே அத்தனை உயிர்களையும் காத்தது. ஆகவே மருந்தைக் குசினியிலோ கட்டிலின் கீழோ கூரைத் தாழ்வாரத்திலோ வைக்கலாகாது. வீட்டுக்கு வெளியே, பூட்டிய பெட்டியில் வைத்து, திறப்பைப் பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுத்துவைக்க. வேண்டிய அளவுக்கு மேல் வாங்காதிருத்தல் அதனினும் நன்று.

வெறும் போத்தலை மும்முறை நீரால் அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி வயலுக்கே பயன்படுத்துக, ஓடையிற் கழுவற்க. கம்பளையில் ஓடையிற் கழுவிய நஞ்சு மகாவலியிற் கலந்து, கீழேயுள்ளோர் குடிநீருக்குப் போகின்றது. அலசிய போத்தலைத் துளையிட்டுவிட வேண்டும். எண்ணெய்க்கோ தேனுக்கோ அது மீண்டும் உதவலாகாது.

எப்பூச்சியென ஐயம் எழுந்தால், இரண்டொரு பூச்சிகளையும் தாக்கப்பட்ட கதிரையோ காயையோ ஒரு போத்தலில் இட்டு மூடி, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. 1920 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் திணைக்களத்தாரிடம் வினவலாம். போத்தலிற் பூச்சி உயிரோடிருப்பின் மூடியை நன்றாக இறுக்கிவிட்டே பஸ்ஸில் ஏறுக.